தூக்கி நடக்கும் உத்தரங்கள்

சுமையைத் தூக்குவது ஒரு தொழில். தூக்கிய சுமையை முன்னே கொண்டு செல்வது மற்றொரு தொழில். மூட்டை சுமக்கும் தொழிலாளி இவ்விரண்டையும் எண்ணிப் பாராமலே செய்துவிடுகிறான். குனிந்து எடுக்கிறான், நடக்கிறான், இறக்கி வைக்கிறான், பிறகு வெறுந்தோளோடு திரும்பி வருகிறான். இந்த நான்கையும் இரும்பினால் ஆன ஒரு பொறியைச் செய்ய வைப்பதென்றால் அதற்குள்ளே எத்தனை சிக்கல்கள் அடங்கியிருக்கின்றன என்பது ஆலைகளின் அடித்தளத்தில் இறங்கிப் பார்த்தால்தான் விளங்கும்.

ஆலைகளில் சுமை கடத்தும் சாதனங்கள் பல. நெல், நிலக்கரி, மணல் போன்றவற்றை இரப்பர்ப் பட்டை கடத்துகிறது. மேலே ஏற்ற வேண்டுமாயின் வாளிகள் கோத்த சங்கிலி பயன்படுகிறது. இவற்றில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. சுமை எங்கே போகிறதோ அங்கே, அதைத் தாங்கும் பட்டையோ வாளியோ கூடவே போகிறது. சுமை நெல்லாக இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. ஆனால் அச்சுமை, 1,200 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள உலைக்குள் புகுந்து மறுபுறம் வெளிவர வேண்டிய எஃகுக் கட்டியாக இருந்தால்? இரப்பர் எரிந்துவிடும். சங்கிலியோ சூடேறி வலுவிழந்து நீண்டுவிடும்.

இத்தகைய இடங்களுக்கென்றே அமைந்தது 'நடக்கும் உத்தரம்' என்ற கடத்தி. இதன் சிறப்பை ஒரே வரியில் கூறிவிடலாம்: சுமை உலையின் நீளம் முழுவதையும் கடந்து செல்கிறது, பொறியோ தன் இடத்தைவிட்டு ஓரடிக்கு மேல் நகர்வதில்லை.

நான்கு அசைவுகள்

இரண்டு வகை உத்தரங்கள் மாறி மாறி அடுத்தடுத்து நீளவாட்டில் கிடக்கின்றன. ஒரு வகை நிலையானது. மற்றொரு வகை அசைவது. சுமைகள் முதலில் நிலையான உத்தரங்களின் மேல் குறுக்காகக் கிடக்கும். அசையும் உத்தரங்கள் கீழிருந்து எழுந்து எல்லாச் சுமைகளையும் ஒருசேரத் தூக்கும். அடுத்து, தூக்கியபடியே ஒரு காலடித் தூரம் முன்னே செல்லும். மூன்றாவதாக, கீழே இறங்கிச் சுமைகளை மீண்டும் நிலையான உத்தரங்களின் மேல் வைத்துவிடும். நான்காவதாக, சுமையின்றித் தாழ்ந்த நிலையிலேயே பழைய இடத்துக்குத் திரும்பும். எழுதல், செல்லுதல், இறங்குதல், மீளுதல் என்னும் இந்நான்கும் சேர்ந்தது ஒரு சுற்று. சுற்று ஒன்றுக்கு அரை மீட்டர் வீதம் 40 சுற்றுகள் நடந்தால், 20 மீட்டர் நீளமுள்ள உலையைச் சுமை கடந்துவிடும்.

தமிழ்நாட்டு ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றலாம். ஏற்றத்தில் உத்தரம் அச்சில் நின்று சாய்கிறது; அதன்மேல் மனிதன் முன்னும் பின்னும் நடக்கிறான். பழைய நீராவி எந்திரங்களின் உச்சியில் ஆடிய பெரிய உத்தரத்தையும் ஆங்கிலத்தில் 'நடக்கும் உத்தரம்' என்றே அழைத்தனர். ஆனால் அது ஆடியதேயன்றி நடந்ததில்லை. இங்கு விளக்கப்படும் கடத்தியில்தான் உத்தரமே நடக்கிறது.

வட்ட இயக்கம்

மின்மோட்டார் தருவது சுழற்சி. அதை இந்த நடையாக மாற்றுவது எப்படி? மிக எளிய வழி 'கிராங்க்' எனப்படும் வணரி. சம நீளமுள்ள இரண்டு வணரிகளின் முனைகளில் உத்தரத்தைப் பொருத்தி, இரண்டையும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் சுழற்றினால், உத்தரம் சாயாமல் படுத்த நிலையிலேயே வட்டமிடும். அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவுள்ள வட்டத்தை வரையும். வணரிக்கு மாற்றாக, மையம் விலகிய சக்கரத்தைத் தண்டில் பொருத்துவதும் உண்டு. கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

வட்டத்தின் மேற்பகுதியில் சுமை பயணம் செய்கிறது. கீழ்ப்பகுதியில் உத்தரம் வெறுமையாகத் திரும்புகிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு, நிலையான உத்தரத்தின் மேல்மட்டம். அந்தக் கோட்டை எந்த உயரத்தில் அமைப்பது என்பதில்தான் பொறியமைப்பாளரின் அறிவு வெளிப்படுகிறது. இதைக் கணக்கால் காணலாம்.

வணரியின் நீளம் 10 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 6 விநாடி என்று கொள்வோம். கோடு வட்டத்தின் மையத்தின் வழியே சென்றால், சுமை 10 சென்டிமீட்டர் உயர்ந்து 20 சென்டிமீட்டர் முன்னே செல்லும். நல்ல நடைதான். ஆனால் உத்தரம் சுமையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் முழுவதும் மேல்நோக்கி இருக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர். அதாவது, அசையாமல் கிடக்கும் சுமையை உத்தரம் தன் முழு வேகத்தோடு கீழிருந்து அடிக்கிறது. இறக்கும்போதும் அதே வேகத்தில் சுமை நிலையான உத்தரத்தின்மேல் மோதுகிறது.

கோட்டை மையத்துக்கு மேல் 6 சென்டிமீட்டர் உயர்த்தினால் என்ன ஆகும்? பித்தகோரசின் விதிப்படி நடையின் நீளம் 16 சென்டிமீட்டராகவும், தூக்கும் உயரம் 4 சென்டிமீட்டராகவும் குறையும். தொடும் கணத்தில் மேல்நோக்கிய வேகம் 8.4 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஆனால் அதுவரை இல்லாத கிடைவேகம் 6.3 சென்டிமீட்டர் வந்து சேருகிறது. 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் இவ்விரண்டும் இடம் மாறும்: மேல்நோக்கி 6.3, கிடையாக 8.4, நடை வெறும் 12 சென்டிமீட்டர்.

இதன் பொருள் யாது? மோதலைக் குறைத்தால் உராய்வு கூடுகிறது. கிடையாக ஓடிக்கொண்டிருக்கும் உத்தரம், நின்றிருக்கும் சுமையின் அடிப்புறத்தைத் தேய்த்துப் பிடிக்கிறது. சுமை சற்று வழுக்கவும் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வழுக்கினால், நாற்பதாவது சுற்றில் சுமை இருக்க வேண்டிய இடத்தில் இராது. வட்ட இயக்கத்தில் இவ்விரு தீமைகளையும் ஒருங்கே நீக்க இயலாது. வேகத்தைக் குறைத்து இரண்டையும் தணிக்கலாம். ஆயின் ஆலையின் உற்பத்தியும் உடன் குறையும்.

வேறோர் இடரும் உண்டு. இரு வணரிகளும் உத்தரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில், இரண்டாவது வணரி எப்பக்கம் சுழல்வது என்பதை உத்தரத்தால் மட்டும் உறுதி செய்ய முடியாது. அது எதிர்ப்புறம் சுழன்றுவிட்டால் உத்தரம் குடைசாயும். ஆதலால் இரு வணரிகளையும் சங்கிலியாலோ பற்சக்கரங்களாலோ இணைத்துச் சுழற்றுவர். புகைவண்டி எந்திரத்தின் சக்கரங்களை இணைக்கும் தண்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒருபுற வணரிகளையும் மறுபுற வணரிகளையும் கால்வட்டம் விலக்கி அமைத்து அதனைத் தீர்த்தனர்.

உருட்டாலைகளில் சிவக்கச் சிவக்க வெளிவரும் நீண்ட எஃகுக் கம்பிகளை ஆறவைக்கும் தளத்தில் இந்த வட்ட இயக்கத்தைக் காணலாம். அங்கே உத்தரங்களின் விளிம்பு வாள்பல்போல் வெட்டப்பட்டிருக்கும். கம்பி ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தூக்கி வைக்கப்படுகிறது. வளையாமல் நேராக ஆறுகிறது.

செபிஷேவின் கால்கள்

வட்டத்தைக் கைவிட்டு, ஒரு பக்கம் தட்டையான பாதையைப் பெற முடியுமா என்ற வினா, கணித அறிஞர்களையும் ஈர்த்தது. ருஷ்ய நாட்டுப் பேரறிஞர் செபிஷேவ் (1821-1894) சில தண்டுகளை மட்டும் இணைத்து, ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும் இயக்கத்தை ஆக்கிக் காட்டினார். அதைக் கால்களாகக் கொண்ட நடக்கும் பொறி ஒன்று 1878ஆம் ஆண்டில் பாரிசு கண்காட்சியில் வைக்கப்பட்டது.

அவ்வகை அமைப்பை அட்டையில் வெட்டிக் குண்டூசியால் இணைத்து வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். வணரியின் நீளம் 1 பங்கு. அதன் அச்சிலிருந்து 2 பங்கு தள்ளி மற்றோர் ஊன்றுபுள்ளி, அதில் 2.5 பங்கு நீளமுள்ள ஆடுதண்டு. மூன்றாவது தண்டு 5 பங்கு நீளம்; அதன் ஒரு முனை வணரியோடும், நடுப்புள்ளி ஆடுதண்டின் முனையோடும் இணையும். எஞ்சிய முனையில் ஒரு பென்சிலைச் செருகி வணரியைச் சுழற்றினால், ஒரு புறம் தட்டையாகவும் மறுபுறம் கவிழ்த்த சட்டிபோல் வளைந்தும் இருக்கும் உருவம் கிடைக்கும். ஏறத்தாழ அரைச் சுற்று நேரம் பென்சில் தட்டையான பகுதியில் சீராக ஓடுகிறது.

நடக்கும் பொறியில் அந்தத் தட்டைப் பகுதி தரையில் ஊன்றும் காலடி ஆகிறது. அதையே தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால், சுமையை மட்டமாகத் தாங்கிச் செல்லும் பாதை ஆகிவிடுகிறது. நடந்து செல்லும் பொறியும் நின்றபடி கடத்தும் பொறியும் ஒரே இயக்கத்தின் இரு தோற்றங்களே.

தூக்குதல் வேறு, செலுத்துதல் வேறு

நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எஃகைச் சுமக்கும் பெரிய உலைகளில் வேறு வழி கையாளப்படுகிறது. தூக்குவதற்கு ஓர் இயக்கம், செலுத்துவதற்கு வேறோர் இயக்கம் என இரண்டாகப் பிரித்துவிடுவர். தரையில் சரிவான பாதைகள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் உருளைகளோடு கூடிய ஒரு கீழ்ச்சட்டம். அச்சட்டத்தின் மேலுள்ள உருளைகளில் கிடைமட்டமாக ஒரு மேற்சட்டம். உத்தரங்களைத் தாங்குவது இந்த மேற்சட்டமே.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உந்துதண்டு கீழ்ச்சட்டத்தைச் சரிவில் மேலே இழுக்கும். அப்போது மேற்சட்டம் முன்பின் நகராதபடி மற்றோர் உந்துதண்டு பிடித்துக் கொள்ளும். ஆதலின் மேற்சட்டம் நேர்மேலாக மட்டும் உயரும். பிறகு அந்த இரண்டாவது உந்துதண்டே மேற்சட்டத்தை முன்னே தள்ளும். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் 200 டன்னை 20 சென்டிமீட்டர் உயர்த்த ஒரு மீட்டர் இழுக்க வேண்டும்; ஆனால், உராய்வை நீக்கிப் பார்த்தால், 40 டன் விசையே போதும். தூரத்தைக் கொடுத்து விசையை மிச்சப்படுத்தும் பழைய சாய்தளத் தத்துவமே இது.

இம்முறையின் மற்றொரு நலன் வேகத்தை விரும்பியபடி ஆளமுடிவது. உத்தரம் விரைந்து எழும். சுமையை நெருங்கும்போது மெதுவாகும். மெல்லத் தொட்டபின் மீண்டும் விரையும். இறக்கும்போதும் அவ்வாறே. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தும் தாய் கடைசி ஓர் அங்குலத்தில் காட்டும் பொறுமை அது. முன்னாளில் இதனை 'காம்' என்னும் நெம்புருளின் விளிம்பை வளைவாகக் கடைந்து பெற்றனர். இன்று உந்துதண்டின் இருப்பிடத்தை அளக்கும் கருவியும் கணிப்பொறியும் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

உலைக்குள் என்ன பயன்?

இவ்வளவு முயற்சி எதற்கு? முந்திய உலைகளில் எஃகுக் கட்டிகளை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, கடைசிக் கட்டியைப் பின்னிருந்து தள்ளினர். வரிசை மிக நீண்டால் நடுவே புடைத்து எழுந்து கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தொட்டுக் கிடக்கும் பக்கங்களில் வெப்பம் நேராகப் படுவதில்லை. தண்ணீர் ஓடும் குளிர்ந்த குழாய்களின் மேலேயே கட்டிகள் வழுக்கிச் செல்வதால், அவற்றின் அடியில் சூடு குறைந்த தழும்புகள் விழும். அத்தகைய கட்டியை உருட்டினால் தகட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறும். வேலை முடிந்தபின் உலையைக் காலி செய்வதற்கும் பின்னால் ஏதேனும் வைத்துத் தள்ளியாக வேண்டும்.

நடக்கும் உத்தரத்தில் கட்டிகள் இடைவெளிவிட்டுக் கிடக்கின்றன; எல்லாப் பக்கமும் சூடேறுகின்றன. தாங்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் தழும்பும் குறைகிறது. ஆலை சிறிது நேரம் நின்றால், உத்தரங்கள் முன்னே செல்லாமல் நின்ற இடத்திலேயே எழுந்து இறங்கி, 'கால்மாற்றி' நிற்கும். நெடுநேரம் நின்றால், இயக்கத்தைத் திருப்பிக் கட்டிகளைப் பின்வாங்கச் செய்யலாம்.

உத்தரங்களைத் தாங்கும் கால்கள் உலையின் தரையிலுள்ள நீண்ட துளைகள் வழியே கீழே இறங்குகின்றன. அத்துளைகள் வழியே குளிர்ந்த காற்று புகாதவாறு தண்ணீர்த் தொட்டிகள் அடைப்பாக அமைந்துள்ளன. எஃகிலிருந்து உதிரும் செதில்களும் அவற்றிலேயே விழுகின்றன. ஆகவே இயக்கும் பொறி முழுவதும் நெருப்புக்குக் கீழே, மனிதன் சென்று பழுதுபார்க்கத் தக்க இடத்தில் இருக்கிறது.

இறங்கும்போது வரும் ஆபத்து

ஏற்றும்போது பொறி சுமையை இயக்குகிறது; இறக்கும்போதோ சுமை பொறியை இயக்கப் பார்க்கிறது. சுமை உயர்ந்திருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், தடையில்லாத பொறி கீழே சரிந்துவிடும். பல டன் எஃகு உலையின் தீச்செங்கற்களை நொறுக்கும். அடித்தளத்தில் எவரேனும் நின்றால் உயிருக்கே இறுதி.

எனவே வணரிப் பொறிகளில் மின்சாரம் நின்ற உடனே வில்லின் விசையால் தானே இறுகும் பிரேக் வைக்கப்படுகிறது. எதிர் எடை கட்டிச் சட்டத்தின் பாரத்தைச் சமன் செய்வதும் உண்டு. எண்ணெய்ப் பொறிகளில், குழாய் வெடித்தாலும் எண்ணெய் வெளியேறாதபடி அடைக்கும் அடைப்பிதழை உந்துதண்டின் உருளையிலேயே பொருத்துவர். தொலைவில் வைத்தால், இடையிலுள்ள குழாய் உடையும்போது அது பயன்படாது. பழுது பார்க்க ஆள் இறங்குமுன், எண்ணெயையும் பிரேக்கையும் நம்பாமல், சட்டத்தின் கீழே திண்ணிய இரும்பு முட்டுகளைக் கொடுப்பது இன்றியமையாத ஒழுங்கு.

வணரியின் வட்டமும், செபிஷேவின் தண்டுகளும், சாய்தளமும் ஆகிய மூன்றும் பள்ளிக் கணக்கிலும் பௌதிகத்திலும் அடங்குவனவே. மெல்லத் தொடுதல், வழுக்காமல் ஏந்துதல், கைவிடாமல் இறக்குதல் என்னும் மூன்று தேவைகளை முன்வைத்து அவற்றை மாணவர்களுக்குக் கற்பித்தால், பித்தகோரசின் விதி சதுரங்களின் பாடமாக மட்டும் நின்றுவிடாது. உலையின் கீழே நிற்கும் தொழிலாளியின் தலையைக் காக்கும் பாடமாகவும் விளங்கும்.