குரோசானும் முட்டை பஃப்ஸும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டீயோடு கடிக்கும் முட்டை பஃப்ஸும், பிரெஞ்சு பாணி பிஸ்ட்ரோவில் காபியோடு வரும் குரோசானும் பங்காளிகள். விலையில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. தொழில் ஒன்றே: மாவுக்குள் கொழுப்பை வைத்து மூடித் தேய்ப்பது, மடிப்பது, மறுபடி தேய்ப்பது.

குரோசானுக்கு மாவை மூன்றாக மடித்துத் தேய்ப்பதை மூன்று முறை செய்தால் 27 வெண்ணெய் அடுக்குகள். ஆறு முறை மடிக்கும் பழைய பிரெஞ்சு பஃப் மாவில் 729. அடுப்புக்குள் போனதும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் 1,600 மடங்குக்கும் மேல் விரிந்து ஆவியாகிறது. கொழுப்பு அடுக்கு அதைச் சட்டென்று தப்பவிடாது. முட்டிமோதும் ஆவி ஒவ்வொரு இதழாக மேலே தூக்குகிறது. பஃப்ஸ் உப்புவதற்கு இந்த ஆவி மட்டுமே போதும். குரோசானில் ஈஸ்டும் சேர்வதால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ரொட்டியின் மிருது. நம் பரோட்டாவிலும் அடுக்குதான், ஆனால் அங்கே எண்ணெய். உருகிவிடுமோ என்ற கவலை மாஸ்டருக்குக் கிடையாது.

வெண்ணெயின் கதை வேறு. சுமார் 15 டிகிரியில்தான் அது தேய்ப்புக்கு இசைந்து வளையும். ரொம்பக் குளிர்ந்தால் சில்லுசில்லாக உடையும். 20ஐத் தாண்டினால் இளகி மாவோடு கலக்கத் தொடங்கும், 35க்குள் உருகியே போகும். ஆவடியில் மே மாத வெயில் 40ஐத் தொடும். பேக்கரிக்குள் அடுப்புச் சூடும் சேர்ந்துகொள்ளும். இதற்கு இரண்டே வழி: ஒன்று கொழுப்பை மாற்ற வேண்டும், அல்லது அறையை மாற்ற வேண்டும்.

தெருமுனை பேக்கரிகள் பெரும்பாலும் கொழுப்பை மாற்றின. பஃப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின் 40 டிகிரியை ஒட்டித்தான் உருகும். நம் வாயின் சூடு 37. அதனால்தான் சில பஃப்ஸைத் தின்றபின் மேலண்ணத்தில் ஒரு பிசுக்கு ஒட்டி நிற்கிறது. இப்படிக் கெட்டிப்படுத்திய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு மிகுந்திருந்த காலம் உண்டு. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் அதற்கு 2 சதவீதம் என்று வரம்பு இருக்கிறது.

பிஸ்ட்ரோ மாற்றுவது அறையை. மடிப்புக்கு மடிப்பு மாவு ஃபிரிட்ஜுக்குள் போய் ஓய்வெடுக்க வேண்டும், தேய்க்கும் இடத்தில் ஏசி ஓட வேண்டும். உருட்டி வைத்ததைப் பொங்கவிடுவது 26 டிகிரி அளவில். அதற்கு மேல் போனால் வெண்ணெய் கசிந்து தட்டில் தேங்கும். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு மின்சாரக் கட்டணம் என்று தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

பிரான்சின் அடையாளமாகிவிட்ட இந்தப் பண்டத்துக்கு ஊர் வியன்னா. 1830களின் இறுதியில் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரிசில் பேக்கரி திறந்து, பிறை வடிவ வியன்னா ரொட்டியைப் பிரபலமாக்கினார். பிறகு ஊர் திரும்பி, 1848இல் பத்திரிகை முதலாளியானார். வெண்ணெய் மடிப்பு பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்தது. குரோசானை மேரி அந்துவானெத் ராணி கொண்டுவந்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

கையில் வந்த குரோசானைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பெரிதும் சிறிதுமாகக் கண்ணறைகள் தெரிந்தால் வேலை சுத்தம். பன் மாதிரி அடைத்திருந்தால், தேய்க்கும்போதே வெண்ணெய் மாவில் கரைந்துவிட்டது என்று பொருள். அடிப்பாகம் எண்ணெயில் ஊறியிருந்தால் பொங்கவைத்த இடம் சூடாக இருந்திருக்கலாம்.

மொறுமொறுப்புக்கு இன்னொரு எதிரி காற்றின் ஈரம். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல; உள்ளே காற்றைச் சூடாக்கி ஈரப்பதத்தைக் குறைக்கிறது. மின்சாரம் மிச்சமென்று எல்இடி மாட்டினால் பஃப்ஸ் நமுத்துப்போகும்.

பிரான்சில் பல பிஸ்ட்ரோக்களின் சமையலறை, நம்மூர் மெஸ்களைப் போல, மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடிவிடும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடையிலோ காலையில் சுட்டது சாயங்காலம் வரை காத்துக் கிடக்கும். ஆகவே வெறும் குரோசான் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் பாதாம் குரோசான் இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தின நாள் மிஞ்சியதைப் பிளந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் விழுது வைத்து மறுபடி சுடுவது அது. காய்ந்துபோன பழைய குரோசான்தான் பாகை நன்றாகக் குடிக்கும்.