வீட்டை விற்கப் போறீங்களா? அட்வான்ஸ் வாங்கும் முன் ஈ.சி.யைப் பாருங்க!

வீடு வாங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்பவர்களுக்கு? "நமக்கென்ன, பத்திரத்தைக் கொடுத்துட்டு காசை வாங்கப் போறோம், அவ்வளவுதானே" என்ற நினைப்புதான் பலருக்கும். விலை பேசி, அட்வான்ஸும் கைக்கு வந்த பிறகு, வாங்குபவருக்கு லோன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அங்கேதான் டீல் படுத்துவிடும்.

லோன் முடிஞ்சுது... ஈ.சி.யில் முடியலையே!

வீட்டுக் கடன் வாங்கும்போது, அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். இதைத்தான் எம்.ஓ.டி. என்கிறார்கள். வில்லங்கச் சான்றிலும் (ஈ.சி.) அது ஏறிவிடும். கடைசித் தவணை கட்டி, பத்திரத்தையும் என்.ஓ.சி.யையும் வாங்கி பீரோவில் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தை வங்கித் தரப்பு எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தால்தான் ஈ.சி.யில் அந்தக் கணக்கு முடியும். இல்லையென்றால், பத்து வருடம் முன்பு அடைத்த கடனும் இன்னும் பாக்கி இருப்பது போலவே தெரியும்.

விற்கும் நேரத்தில் இதற்காக அலைவது பெரும்பாடு. கடன் கொடுத்த கிளையே இப்போது இல்லாமல் போயிருக்கலாம். ஆந்திரா வங்கி, அலகாபாத் வங்கியெல்லாம் 2020-லேயே வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. புதிதாகக் கடனை முடிப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது.

பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி.யை இலவசமாகவே பார்க்கலாம். புரோக்கருக்கு போன் போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

பாட்டியின் பங்கு

அப்பா பெயரில் இருந்த வீடு. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் மகனும் விற்க முடிவு செய்கிறார்கள். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டு கல்யாணம் பண்ணியாச்சே" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

தங்கையை ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட மறந்துவிடும் ஓர் ஆள் உண்டு: அப்பாவின் அம்மா. மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்திருந்தால், அவரும் முதல்நிலை வாரிசு. அதாவது மனைவி, மகன், மகள், தாய் என நான்கு பேர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. பிறகு பாட்டியும் உயில் இல்லாமல் காலமாகிவிட்டால், அந்தக் கால் பங்கில் சித்தப்பா, அத்தை என எல்லோருக்கும் உரிமை வந்துவிடும். அவர்களிடம் விடுதலைப் பத்திரமோ கையெழுத்தோ வாங்காமல் பேங்க் வக்கீல் சம்மதிக்க மாட்டார். அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பல வருடம் பேசாத அத்தை வீட்டுக்குப் போய் நிற்பது எவ்வளவு சங்கடம்!

வாரிசுகளில் மைனர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும்.

விலை சொல்வதில் சறுக்கல்

"இழைச்சு இழைச்சுக் கட்டின வீடு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 40 வருடப் பழைய தனி வீட்டை வாங்க வருபவர், பெரும்பாலும் மனையின் மதிப்பைத்தான் கணக்குப் போடுகிறார். தேக்கு ஜன்னலுக்கு அவர் காசு தரப்போவதில்லை. அடுக்குமாடியில் என்றால் யு.டி.எஸ். எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அவர் தலையில் விழும். ரூ.80 லட்சம் வீட்டுக்கு இதுவே ரூ.7.20 லட்சம். எட்டு மாதமாக விளம்பரத்திலேயே கிடக்கும் வீட்டைப் பார்த்தால், "ஏதோ வில்லங்கம் போல" என்று ஒதுங்குவதும் இயல்பு.

பெயின்ட் அடிப்பதா, அப்படியே விற்பதா? ஒழுகலைச் சரிசெய்து, வீட்டைச் சுத்தமாக வைத்தால் போதும். மாடுலர் கிச்சனெல்லாம் போட்டு செலவு செய்தால் திரும்பி வராது.

ரொக்கமா? உஷார்!

"பத்திரத்துல கம்மியா காட்டிக்கலாம், மீதி கேஷ்" என்பது பழகிப்போன டயலாக். இதில் பத்திரச் செலவு மிச்சமாவது வாங்குபவருக்கு; ரிஸ்க் முழுக்க விற்பவருக்கு. வீட்டுக்கான தொகையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே தப்பு. வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். அந்தப் பணத்தைக் கணக்கில் காட்டி அடுத்த வீட்டையும் வாங்க முடியாது.

வரியில் இன்னொரு விஷயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்றால், பணவீக்கச் சலுகை இல்லாமல் 12.5 சதவீதம் அல்லது சலுகையோடு 20 சதவீதம், இதில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2005-06-ல் ரூ.20 லட்சத்துக்கு வாங்கி, 2025-26-ல் ரூ.90 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். முதல் முறையில் வரி ரூ.8.75 லட்சம். இரண்டாவது முறையில் வாங்கிய விலை சுமார் ரூ.64.27 லட்சமாக உயர்வதால், வரி சுமார் ரூ.5.15 லட்சம்தான் (செஸ் தனி). லாபத்தை இரண்டு வருடத்துக்குள் வேறு வீட்டில் போட்டால் விலக்கும் கிடைக்கும்.

துபாய், சிங்கப்பூரில் இருக்கும் என்.ஆர்.ஐ.களுக்கு இந்த இரண்டில் ஒன்று சாய்ஸ் கிடையாது. அவர்களிடம் வாங்குபவர் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸும் வழக்கமான 1 சதவீதம் அல்ல, மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால், மொத்த விலைக்கும் பிடித்துவிடுவார்கள். ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அவசரத்தில் செய்யும் இன்னொரு காரியம், புரோக்கருக்கே பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுவது. நம்பகமான உறவினருக்கு, குறிப்பிட்ட வீடு, குறைந்தபட்ச விலை, பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. விற்பனை நடக்காமல் போனால் அதை ரத்து செய்யும் பத்திரத்தையும் பதிவு செய்து, ஈ.சி.யில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.