பின்வரிசைக்கும் கேட்கட்டும்

பேரவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகையில், பின்வரிசை அங்கத்தினருக்கு ஒரு சொல்லும் விளங்காமற் போவதுண்டு. காதில் விழாத கணக்குக்கே அவரும் கை தூக்குகிறார். இக்குறை நீங்கக் கம்பியில்லா மைக் வாங்கும் சங்கம், அதன் ரிசீவரை வைக்கும் இடத்தைக் கவனியாவிடில் பணம் வீணே.

உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு ரிசீவர்களுட் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. இவ்வலைகளை மனித உடலிலுள்ள நீர் உறிஞ்சிவிடும்; இரும்பு மறித்துவிடும். ஆகவே ரிசீவரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தலாகாது. அமர்ந்திருப்போர் தலைக்கு மேலாக, பேசுவோர் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தல் வேண்டும். வைஃபை பெட்டியும் பெரும்பாலும் அதே அலைவரிசையினதாகையால் அதனருகில் வேண்டாம்.

முதல்நாள் காலிக் கூடத்தில் சோதித்துத் திருப்தியடைவதே பலர் செய்யும் பிழை. கூடம் நிறைந்ததும் ஒலி விட்டுவிட்டு வரும். அங்கத்தினர் அமர்ந்தபின் ஒருவர் மைக்குடன் பின்சுவர் வரை பேசிக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும்.

ரிசீவரின் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளையில் செருகி, ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. மைக் துளையில் செருகுவதாயின் ரிசீவரின் ஒலியளவை முதலில் குறைத்திடுக. இல்லையேல் குரல் கரகரக்கும்.

மோவாய்க்கு ஒரு சாண் கீழே மைக்கை மாட்டினாற் போதும். தலைவருக்குப் போர்த்தும் பொன்னாடை அதை மூடிவிடாமற் பார்த்துக்கொள்க! நம் தறியில் நெய்ததாயினும் உரசும் ஓசை உரசும் ஓசையே. பெட்டியில் இரண்டு மைக் இருப்பின், இரண்டாவதை மேடையிலேயே வைத்துக்கொள்ளாமல், கேள்வி கேட்க எழும் அங்கத்தினரிடம் அனுப்புக.