சேறு காப்பாற்றிய சாலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஆறு ஈரி ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது. 1812-இல் ராணுவத்துக்காகப் போட்ட ‘ஹல் பாதை’யை நினைவூட்டும் பலகை அது. இப்படிப் பலகை நட்ட பல இடங்களில் பழைய பாதை மறைந்து போயிருக்கும். இங்கே தண்ணீர் வற்றினால், அந்தக் காலத்துச் சாலையையே கண்ணால் பார்க்கலாம்!

அந்த ஆண்டு பிரிட்டனோடு போர் மூண்டது. ஜெனரல் வில்லியம் ஹல்லின் படை, ஒஹாயோவில் உள்ள அர்பானாவிலிருந்து டெட்ராய்ட் கோட்டைக்குப் போக வேண்டும். தூரம் ஏறத்தாழ 320 கி.மீ. வழி நெடுகக் காடு, சதுப்பு. படையின் வண்டிகளுக்கோ, சக்கரத்தின் அடிப்பக்கம் கொஞ்சம்தான் தரையில் படும். வண்டியின் எடை முழுவதும் அந்தச் சின்ன இடத்தை அழுத்தும். சேற்றில் புதையாமல் என்ன செய்யும்?

படையினர் மரங்களை வெட்டி, கட்டைகளைப் பாதைக்குக் குறுக்காக நெருக்கி அடுக்கினார்கள். இப்போது எடை நீளமான கட்டை முழுவதும் பரவியது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், வண்டியும் நகரும்.

படை ஜூலையில் டெட்ராய்ட் சேர்ந்தது. ஆனால் ஆகஸ்ட் 16 அன்று ஹல் கோட்டையைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்துவிட்டார். பாதை மட்டும் பயன்பாட்டில் இருந்தது. பின்னால் அதன்மேலேயே புதுச்சாலையும் வந்தது. 2000-ஆம் ஆண்டு நீர்மட்டம் இறங்கியபோது, பழைய கட்டைகள் வரிசையாக வெளியே தெரிந்தன.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மரம் ஏன் மக்கிப் போகவில்லை? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மரத்தை மக்கவைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவற்றுக்கு ஈரம் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். நீர் நிறைந்த சேற்றுக்குள் பூஞ்சைகளுக்கு மூச்சு முட்டிவிடும். படையைப் பாடாய்ப் படுத்திய அதே சேறுதான் கட்டைகளைக் காப்பாற்றியது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய வேலிக்கம்பை யாராவது பிடுங்கும்போது கவனியுங்கள். பெரும்பாலும் மண்ணை ஒட்டிய பகுதிதான் அதிகம் உளுத்திருக்கும். மேலே ஈரம் இல்லை, ஆழத்தில் காற்று குறைவு. ஈரமும் காற்றும் சேரும் இடம் மண்ணை ஒட்டிய பகுதிதான். உங்கள் கம்பு எப்படி இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.