12 பாட்டு, 43 நிமிடம்: அப்பாவும் நானும் கேட்ட குயின் ஆல்பம்

வேலைக்காக பெங்களூரு வந்த பிறகு அப்பாவுடன் போன் பேச்சு ‘சாப்ட்டியா?’, ‘சாப்ட்டேன்ப்பா’ என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். போன வாரம் ஊருக்குப் போனபோது மட்டும் ராத்திரி வெகுநேரம் பேசினோம். காரணம், ‘எ நைட் அட் தி ஓபரா’.

அது என்ன ஆல்பம்?

பிரிட்டனின் குயின் ராக் இசைக்குழு 1975 நவம்பரில் வெளியிட்டது. ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர், ஜான் டீக்கன் என நால்வருமே இதில் பாட்டு எழுதியிருக்கிறார்கள். ரீல்ஸில் நாம் கேட்கும் ‘பொஹீமியன் ராப்சடி’ இதில்தான் இருக்கிறது. 5 நிமிடம் 55 நொடிப் பாட்டு. பியானோவுடன் மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஓபராவாகி, பிறகு ஹார்டு ராக் ஆகிவிடும். திரும்பத் திரும்ப வரும் பல்லவியே கிடையாது. ஓபரா பகுதியில் பெரிய கூட்டமே பாடுவதுபோல் இருக்கும். ஆனால், மெர்குரி, மே, டெய்லர் மூவரின் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான் சொன்னது

“ஒரு பாட்டு கிராமத்துப் பாட்டு மாதிரி, ஒண்ணு பழைய மேடைப் பாட்டு மாதிரி, இன்னொண்ணு ஜாஸ். நான் ஷஃபிள்ல போட்டா திட்டுவீங்களே, இதுவும் ஷஃபிள்தானேப்பா?”

அப்பா சொன்னது

“வரிசையா கேளு, அப்புறம் பேசு.”

கேட்டேன். கோபத்தில் கொதிக்கும் முதல் பாட்டு முடிந்ததுமே, ஒரு நிமிடச் சொச்சம் ஓடும் ஜாலியான ‘லேஸிங் ஆன் எ சண்டே ஆஃப்டர்நூன்’ வந்துவிடுகிறது. 8 நிமிடத்தைத் தாண்டும் ‘தி ப்ராஃபெட்ஸ் சாங்’ அடங்கும் இடத்திலேயே ‘லவ் ஆஃப் மை லைஃப்’ தொடங்குகிறது. ஷஃபிளில் போட்டால் இந்த இணைப்பெல்லாம் அறுந்துவிடும். அப்பா சொன்னது சரிதான்.

அப்பாவுக்குத் தெரியாதது

‘குட் கம்பெனி’ பாட்டில் டிரம்பெட், கிளாரினெட் வாசிக்கும் ஜாஸ் குழு ஒன்று கேட்கும். அது முழுக்க பிரையன் மேயின் கிடார் என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை. என் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டார்.

“இத்தனை வருஷமா கேசட்ல கேட்டிருக்கேன். டிரம்பெட்னே நெனச்சிட்டேன்டா.”

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை. டெய்லர் எழுதிய கார் பாட்டு இந்த ஆல்பத்தில் ஒட்டவே இல்லை என்பது என் கட்சி. “ஸ்கிப் பண்ணாதே” என்பது அப்பா கட்சி. நேற்று போனில் ‘சாப்ட்டியா?’ என்று கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்: “கார் பாட்ட மறுபடி கேட்டியா?”