கஞ்சா போதையில் காரை மோதினால் நஷ்டஈடு கிடைக்காதா? முதல் நாளே செய்ய வேண்டியது என்ன?

ரோட்டோரம் நடந்து போனவர் மீது தாறுமாறாக வந்த கார் மோதியது. டிரைவர் கஞ்சா போதையில் இருந்தது தெரியவந்தது. பொதுமக்கள் அவரை பிடித்து தர்மஅடி கொடுத்து போலீசில் ஒப்படைத்தனர். இப்படி செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன.

பேப்பரில் செய்தி அதோடு முடிந்து விடும். அடிபட்டவர் வீட்டில் அன்றைக்குத்தான் கஷ்டமே ஆரம்பிக்கும். அவர் கொத்தனாராக இருப்பார், இல்லை லோடுமேனாக இருப்பார். கால் முறிந்தால் அந்த வாரமே கூலி நின்று விடும். இந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர், "டிரைவர் கஞ்சா அடிச்சிருந்தா இன்சூரன்ஸ் காசு வராதாமே, கொடுக்கிறதை வாங்கிட்டு பேசி முடிச்சுக்கோங்க" என்று கிளப்பி விடுவார். அதை நம்பி கொஞ்சம் பணத்துக்கு கையெழுத்து போட்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதை நம்ப வேண்டாம். டிரைவர் போதையில் இருந்தார் என்பதற்காக அடிபட்டவரின் நஷ்டஈடு உரிமை போய்விடாது. ஆனால் அதற்கு முதல் நாளிலேயே சில வேலைகளை செய்தாக வேண்டும்.

ஊதினால் தெரியாது

குடிபோதை என்றால் டிராபிக் போலீசார் கருவியில் ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ். கஞ்சாவுக்கு அந்த கதை இல்லை. அந்த கருவி சாராயத்தை மட்டும்தான் காட்டும். கஞ்சா அடித்தவர் ஊதினால் சீரோதான் வரும். "ஊதிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று சொன்னால், கஞ்சா இல்லை என்று அர்த்தம் ஆகாது.

கஞ்சாவை கண்டுபிடிக்க ரத்தம், சிறுநீர் எடுக்க வேண்டும். டாக்டர் நேரில் பார்த்து கண் சிவந்திருக்கிறதா, நாடித்துடிப்பு எப்படி, கேட்ட கேள்விக்கு சரியாக பதில் சொல்கிறாரா, நேராக நடக்கிறாரா என்று எழுதி வைக்க வேண்டும். இதில் அவசரம் முக்கியம். கஞ்சாவின் போதைப் பொருள் ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே வேகமாக குறைந்து விடும். மறுநாள் காலையில் எடுத்தால் பெரிதாக பிரயோஜனம் இல்லை.

சிறுநீரில் அப்படி இல்லை. நாட்கணக்கில் காட்டும். தினமும் அடிப்பவர் என்றால் வாரக்கணக்கில் கூட காட்டும். அதனால் எதிர்தரப்பு வக்கீல், "என் கட்சிக்காரர் போன வாரம் அடித்தது இது, அன்றைக்கு தெளிவாகத்தான் இருந்தார்" என்று வாதாட முடியும். மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவு சொல்வதும், வண்டியை சரியாக கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு போதை மருந்தின் பிடியில் இருந்தாரா என்பதைத்தான். குடிக்கு இருப்பது போல 30 மில்லிகிராம் என்ற அளவுகோல் கஞ்சாவுக்கு இல்லை. ஆகவே லேப் ரிப்போர்ட்டை விட, அன்றைக்கு அதே நேரத்தில் டாக்டர் எழுதி வைத்த நாலு வரி சில நேரம் அதிகம் பேசும்.

இந்த 185-வது பிரிவில் போலீசார் கைது செய்தால், 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் அவரை காவலில் இருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. இது தவிர, கைதானவரை டாக்டர் மூலம் பரிசோதிக்கவும் ரத்தம், சிறுநீர் எடுக்கவும் புதிய குற்றவியல் நடைமுறை சட்டம் 51-வது பிரிவிலும் போலீசுக்கு அதிகாரம் உண்டு.

அடிபட்டவரின் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். இன்னொருவர் நேராக ஸ்டேஷனுக்கு போக வேண்டும். புகாரில் "கார் வேகமாக வந்து மோதியது" என்று மட்டும் எழுதாமல், டிரைவரிடம் கஞ்சா வாடை வந்தது, கண் சிவந்திருந்தது, நிற்க முடியாமல் தள்ளாடினார் என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்ய கேட்டுக்கொள்கிறோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மனு ரசீது வாங்காமல் வரக்கூடாது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்கு பதிவு தபாலில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு போகலாம்.

தர்மஅடி விஷயத்துக்கு வருவோம். கோபம் வருவது இயற்கைதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து டிரைவரை அடித்து விட்டால், அவர் தள்ளாடியது போதையிலா, அடி வாங்கியதிலா என்று கோர்ட்டில் கேள்வி வரும். அடித்தவர்கள் மீதும் கேஸ் பாயும். அதற்கு பதிலாக செல்போனில் அவர் நடப்பதை, பேசுவதை வீடியோ எடுப்பது நூறு மடங்கு உபயோகம். பக்கத்து கடை, பெட்ரோல் பங்க் கேமராவில் பதிவானது சில நாட்களில் தானாக அழிந்து விடும். அதையும் உடனே எடுக்கச் சொல்லி போலீசிடம் எழுதி கொடுக்க வேண்டும்.

அடிபட்டவரை தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு எந்த தொந்தரவும் வராது. பேரை சொல்லு, சாட்சிக்கு வா என்று அவரை கட்டாயப்படுத்தக்கூடாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது.

வழக்கு ரெண்டு

போலீஸ் போடும் கிரிமினல் கேஸ் வேறு. நஷ்டஈடு கேட்டு நாம் போடும் கேஸ் வேறு. பலருக்கு இதில்தான் குழப்பம்.

கிரிமினல் கேசில் டிரைவருக்கு ஜெயில், அபராதம். 185-ல் முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். கஞ்சா அடித்ததற்கு போதைப்பொருள் தடுப்பு சட்டம் 27-வது பிரிவில் தனியாக 6 மாதம் வரை. ஆள் இறந்து விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை. மும்பையில் 2006-ல் குடிபோதையில் ஓட்டிய காரால் பிளாட்பாரத்தில் தூங்கிய 7 பேர் இறந்த வழக்கில், இதை விட கடுமையான, கொலையாகாத மரணம் விளைவித்தல் பிரிவில் கொடுத்த 3 ஆண்டு தண்டனையை சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் உறுதி செய்தது. போதையில் வண்டி ஓட்டினால் இந்த பிரிவும் பாயலாம் என்பதற்கு இந்த வழக்கு உதாரணம்.

ஆனால் டிரைவர் ஜெயிலுக்கு போவதால் நம் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த அபராதத்தையும் நம்பி இருக்க முடியாது. வீட்டுக்கு பணம் வர வேண்டும் என்றால் மோட்டார் வாகன விபத்து நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பது இல்லை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வண்டி ஓட்டியவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு நல்ல விஷயம். நஷ்டஈடு கேசில் கஞ்சாவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது இல்லை. டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நம்பும்படி காட்டினால் போதும். கிரிமினல் கேசில் டிரைவர் விடுதலை ஆனால் கூட நஷ்டஈடு கிடைக்க வழி உண்டு. ரத்த பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருந்தால், "இவரும் திடீரென்று குறுக்கே வந்தார்" என்று அடிபட்டவர் மேல் பாதி பழியை தள்ளும் வாதம் எடுபடாது. அதற்காகத்தான் முதல் நாள் இவ்வளவு பாடு.

இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்குமா?

கைவிரிக்க பார்க்கும். 2019-ல் சட்டத்தை திருத்தியபோது, போதையில் ஓட்டியதை காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி வாதாட 150-வது பிரிவில் இடம் வைத்து விட்டார்கள். "கஞ்சா அடிச்சா காசு வராது" என்ற பேச்சு கிளம்புவது இதனால்தான்.

ஆனால் அது கம்பெனிக்கும் வண்டி ஓனருக்கும் இடையே உள்ள கணக்கு. ரோட்டில் போனவர் என்ன பாவம் செய்தார்? லைசென்ஸ் இல்லாத டிரைவர்கள் விஷயத்தில், முதலில் கம்பெனி பணத்தை கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூல் செய்து கொள்ளட்டும் என்ற வழியை சுப்ரீம் கோர்ட்டு 2004-லேயே காட்டியது. போதை டிரைவர் விஷயத்திலும் கேரள ஐகோர்ட்டு 2023-ல் இதே மாதிரி தீர்ப்பு சொன்னது. மனுவிலேயே இந்த உத்தரவை கேட்கும்படி வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

வண்டிக்கு இன்சூரன்சே இல்லை என்றால் ஓனர்தான் பொறுப்பு. அந்த மாதிரி வண்டியை ஓனர் ஜாமீன் தொகை கட்டாமல் விடுவிக்கக்கூடாது. ஸ்டேஷனில் நிற்கும் வண்டி சத்தமில்லாமல் போய்விட்டால், பிறகு ஓனரை தேடி அலைய வேண்டியதுதான்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கணக்கு பார்ப்போம். 35 வயது கொத்தனார் விபத்தில் இறந்து விட்டார், மாத வருமானம் ரூ.15 ஆயிரம், அவரை நம்பி மனைவி, 2 பிள்ளைகள், தாய் என 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். 40 வயதுக்குள் இருப்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேர்த்தால் ரூ.2 லட்சத்து 52 ஆயிரம். அவரது சொந்த செலவுக்கு கால் பங்கு கழித்தால் ரூ.1 லட்சத்து 89 ஆயிரம். 35 வயதுக்கு 16-ஆல் பெருக்க வேண்டும். ரூ.30 லட்சத்து 24 ஆயிரம் வருகிறது. இறுதிச்சடங்கு செலவு, குடும்பத்தின் இழப்புக்கு தனி. சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்து கொடுத்த கணக்கு இது.

இப்போது அந்த 20 ஆயிரம், 30 ஆயிரம் சமரசத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் வருமானத்தை காட்ட ஆதாரம் வேண்டும். கட்டுமான தொழிலாளர் நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், மேஸ்திரி கொடுக்கும் கடிதம் எதுவாக இருந்தாலும் பத்திரமாக வைக்க வேண்டும். கூடவே எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி விபத்து பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அந்த தீர்ப்பு நகலும் பலம்.

டிரைவர் நிற்காமல் ஓடிவிட்டு, வண்டியே எது என்று தெரியாவிட்டால் மத்திய அரசு திட்டத்தில் சாவுக்கு ரூ.2 லட்சம், படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம். அதற்கு தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி செலவுக்கு பயந்து நிற்க வேண்டாம். தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை ரூ.1½ லட்சத்துக்கு பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

6 மாதம்தான் கெடு

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம். தாமதம் ஆனதற்காக மட்டும் மனுக்களை தள்ளுபடி செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி தூங்கி விடக்கூடாது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் பிடிக்கும் புரோக்கர்கள் சுற்றுவது நமக்கு தெரியாதது அல்ல. வெற்று பேப்பரில் கையெழுத்து, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு எதையும் அவர்களிடம் கொடுக்கக்கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். போன் நம்பர் 15100.