ஹனோயில் பைக் வாங்கி சைகோனில் விற்றால் செலவு ஜீரோவா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

வியட்நாம் ட்ரிப் பிளான் பண்ற எந்த நண்பர்கள் குரூப்பிலும் ஒருத்தராவது இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க: "வாடகை எதுக்கு மச்சி? ஹனோய்ல ஒரு பழைய பைக் வாங்குவோம். சைகோன் வரைக்கும் ஓட்டுவோம். அங்க அதே விலைக்கு வித்துட்டு ஃபிளைட் ஏறிடுவோம். பைக் செலவு ஜீரோ!"

கேட்க நல்லாத்தான் இருக்கு. 2023-ல் திருச்சியிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்கு நேரடி விமானம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிடுச்சு. (சைகோன்னாலும் ஹோ சி மின் சிட்டின்னாலும் ஒரே ஊர்தான். பழைய பேரு இன்னும் புழக்கத்துல இருக்கு.)

ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. 2008-ல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் மூணு பேருக்கும் ஆளுக்கு ஒன்றரைக் கோடி டாங் கொடுத்து, வண்டி வாங்கி வியட்நாமைக் கடக்கச் சொன்னாங்க. பெட்டி நிறைய நோட்டைப் பார்த்து கார் வாங்கலாம்னு கிளம்பினவங்களுக்கு, அந்தக் காசுக்கு டூவீலர்தான் கிடைக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆயிரக்கணக்கான டூரிஸ்ட்டுகள் அதே வழியில போயிருக்காங்க. அவங்க அதிகமா வாங்குறது 'ஹோண்டா வின்'. பேர்லதான் ஹோண்டா. பெரும்பாலும் சீனப் பாகங்களை வச்சு செஞ்ச காப்பி. ஒரு டூரிஸ்ட் வாங்கி ஓட்டி இன்னொரு டூரிஸ்ட்டுக்கு விப்பாரு, அவரு அடுத்தவருக்கு. நீங்க வாங்கும்போது உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் ஓட்டினாங்கன்னு யாருக்கும் தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு ரூபாய்க்கு சுமார் 300 டாங்னு வச்சுக்கோங்க. பைக் 90 லட்சம் டாங், அதாவது 30,000 ரூபாய். விக்கும்போது 60 லட்சம் டாங் கிடைக்குது, அதாவது 20,000 ரூபாய். நஷ்டம் 10,000. இவை புரியுறதுக்காக நான் எடுத்த எண்கள். போறதுக்கு முன்னாடி அன்னிக்கு இருக்கிற விலையைப் போட்டு நீங்களே ஒரு ஷீட் போடுங்க.

இதுல எல்லாரும் மறக்குறது கரன்சி. பழைய பைக்குக்கு கேஷ்தான். உங்க கார்டுல பணம் எடுத்தா மார்க்அப், ஏடிஎம் கட்டணம் எல்லாம் சேர்ந்து 4% போகுதுன்னு வச்சா 1,200 ரூபாய். வித்த பிறகு கையில இருக்கிற டாங்கை இங்க யாரும் வாங்க மாட்டாங்க. அங்கேயே டாலரா மாத்தி, அப்புறம் ரூபாயா மாத்தணும். அதுல 5% போனா 1,000. ஆக 2,200 ரூபாய் பைக்கைத் தொடாமலே போச்சு.

ஆயில், செயின், பஞ்சர், பிரேக் எல்லாத்துக்கும் சராசரியா நாளைக்கு 400 ரூபாய். ஹனோய்-சைகோன் ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். மலைப்பாதையில சுத்திப் போனா அதுக்கு மேல. பழைய வண்டிக்கு 400 ரூபாய் அதிகம் இல்லை. கடைசியா, வண்டி விக்கிறதுக்காகவே சைகோன்ல ரெண்டு ராத்திரி கூடுதலா தங்கினா 3,000.

12 நாள் ட்ரிப்புக்கு மொத்தம் 20,000 ரூபாய். அதே பைக்கை ஹனோய்ல வாடகைக்கு எடுத்து சைகோன்ல விட்டுட்டு வர்ற 'ஒன் வே' வசதியும் இருக்கு. வண்டியை அவங்களே ரயில்ல ஏத்தி எடுத்துக்குவாங்க. நாளைக்கு 2.5 லட்சம் டாங், ஒன் வே கட்டணம் 10 லட்சம் டாங்னு போட்டா 12 நாளைக்கு சுமார் 13,300 ரூபாய். 'ஜீரோ செலவு' பைக் கிட்டத்தட்ட 6,700 ரூபாய் அதிகம்! 40 நாள் சுத்துறவருக்கு இது தலைகீழ். வாடகை 36,700, வாங்கி விக்கிறது 31,200. இந்த எண்கள்படி ரெண்டும் சமமாகுறது ஏறக்குறைய 27-வது நாள்ல. உங்க ஆபீஸ்ல 27 நாள் லீவ் தர்றாங்களா? லாஸ் ஆஃப் பே போட்டுப் போறீங்கன்னா, வண்டி விக்கக் காத்திருக்கிற ரெண்டு நாள் சம்பளத்தையும் அந்த ஷீட்ல எழுதுங்க.

"நான் நல்லா பேரம் பேசுவேன், 30,000-க்கே வித்துடுவேன்"னு சொல்றீங்களா? வித்தா 12 நாள் செலவு சுமார் 10,500. நிச்சயமா லாபம்தான். விக்கவே முடியாமப் போனா 39,000. ஒரே பைக், ஒரே ரோடு, 10,500-லேருந்து 39,000 வரைக்கும் எங்க வேணும்னாலும் முடியலாம். அதை முடிவு பண்றது உங்க பேரத் திறமை இல்லை, உங்க ஃபிளைட் தேதி. வாங்க வர்றவர் கேக்குற முதல் கேள்வியே "எப்போ ஊருக்குக் கிளம்புறீங்க?"ங்கிறதுதான். நாளைக்குன்னு சொன்னீங்கன்னா விலையை அவர் சொல்வாரு, நீங்க இல்லை. வாடகையில நஷ்டம் எவ்வளவுன்னு முதல் நாளே தெரியும். வாங்கினா கடைசி நாள்தான் தெரியும்.

பேப்பர் விஷயமும் இருக்கு. இந்த பைக்குகளோட 'ப்ளூ கார்டு', அதாவது அந்த ஊர் ஆர்சி, எப்பவோ வாங்கின முதல் ஓனர் பேர்லதான் இருக்கும். கார்டு கைமாறும், பேர் மாறாது. நம்ம ஊர்ல ஃபார்ம் 29, 30 போடாம வண்டி வாங்குற மாதிரி. 2023 ஆகஸ்ட் 15 முதல் அங்க நம்பர் பிளேட்டையே ஓனரோட அடையாள எண்ணோட இணைச்சுட்டாங்க. வண்டியை வித்தா பிளேட்டையும் ஆர்சியையும் பழைய ஓனர் ஒப்படைக்கணும்ங்கிறது விதி. அப்போ கைமாத்தா வாங்குற வண்டி, சட்டப்படி உங்களுது இல்லை. திருட்டு, விபத்து, போலீஸ் பறிமுதல் எது நடந்தாலும் "என் வண்டி"ன்னு நிரூபிக்க உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

மேல போட்ட கணக்கு மொத்தத்தையும் தூக்கிச் சாப்பிடுறது லைசென்ஸ். ஆர்டிஓவுல 1,000 ரூபாய் கட்டி வாங்குற இன்டர்நேஷனல் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கிறது. தாய்லாந்து, மலேசியா, இலங்கை அந்த ஒப்பந்தத்துல இருக்கிற நாடுகள். வியட்நாம் 2014-ல் சேர்ந்தது 1968 வியன்னா ஒப்பந்தத்துல. அதனால நம்ம பெர்மிட் அங்க செல்லாது. 2025 ஜனவரி முதல் அபராதமும் ஏறிடுச்சு: 125 சிசி வரைக்கும் உள்ள பைக்கை செல்லுபடியாகுற லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 20 முதல் 40 லட்சம் டாங், அதாவது 6,700 முதல் 13,300 ரூபாய்.

அபராதத்தைக் கூட விடுங்க. பெரும்பாலான டிராவல் இன்சூரன்ஸ் பாலிசிகள்ல, செல்லுபடியாகுற லைசென்ஸ் இல்லாம ஓட்டி அடிபட்டா க்ளெய்ம் கிடையாது. கால் முறிஞ்சு ஆபரேஷன், அப்புறம் ஊருக்குக் கொண்டு வர்ற செலவுன்னு வந்தா ஆயிரங்கள்ல நிக்காது, லட்சங்கள். வீட்டுல இருக்கிறவங்க நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போகும். வாடகை பைக்குக்கும் இதேதான், பைக் கொடுக்கிறவர் லைசென்ஸ் கேக்கலைங்கிறதால எதுவும் மாறாது. பாலிசி வாங்குறதுக்கு முன்னாடி 'எக்ஸ்க்ளூஷன்' பக்கத்தைத் திறந்து இருசக்கர வாகனம்ங்கிற வார்த்தையைத் தேடிப் படிங்க.

நம்ம லைசென்ஸ் மட்டும் இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது 'ஈஸி ரைடர்'. அந்த ஊர்க்காரர் ஓட்டுவாரு, நீங்க பின்னாடி உக்காந்துக்கலாம். ஹா ஜியாங் மலைச் சுத்துல இது ரொம்ப சகஜம். கெத்து கொஞ்சம் குறையும், போட்டோ நல்லா வரும். இதுலயும் பின்னாடி உக்கார்றவங்களுக்கு கவர் உண்டான்னு பாலிசியில பாத்துக்கோங்க.

துபாய்ல வேலை பாத்து, அங்க எடுத்த பைக் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க கதை வேற. அமீரகம் 1968 ஒப்பந்தத்துல இருக்கு. அங்க வாங்கின பெர்மிட்டோட, ஒரு மாசத்துக்கு மேல லீவும் இருந்து, பேப்பர் ரிஸ்க் தெரிஞ்சே வாங்குறீங்கன்னா, கார்டுல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாக்காம காசு கொடுக்காதீங்க. ஹனோய், சைகோன் ரெண்டுலதான் வாங்குற ஆள் அதிகம். நடுவுல ஒரு சின்ன ஊர்ல விக்கணும்னா மெக்கானிக் சொல்ற விலைதான். சைகோன் போய்ச் சேர்ற அன்னிக்கு விளம்பரம் போடாம, நாலஞ்சு நாள் முன்னாடி டா லாட்ல இருக்கும்போதே போட்டுடுங்க. வித்த காசை அன்னிக்கே ஊருக்குள்ள டாலரா மாத்திடுங்க. ஊர் திரும்பின பிறகு 2,000 டாலர் வரைக்கும் கையில வச்சுக்க நம்ம விதியில இடம் இருக்கு, உடனே ரூபாயா மாத்தித்தான் ஆகணும்னு இல்லை.